கதவைச் சாத்தினால் தேர்வு மையம்

நாளிதழின் உள்பக்கத்தில் 'நாளைய மின்தடை' என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். உடையாப்பட்டி, மல்லூர், மல்லசமுத்திரம் என்று துணை மின்நிலையங்களின் பெயர்கள், அவற்றின் கீழே ஊர்ப் பட்டியல், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது என்று ஒரு வரி. தறி ஓட்டுகிறவர்களும் மாவு மில்காரர்களும் அதைத் தவறாமல் பார்ப்பார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்தபடியே டோஃபல், டுவோலிங்கோ போன்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதப்போகும் பிள்ளைகள்.

தேர்வு மையம் என்பது ஒரு நிறுவனம் வாடகை கொடுத்து, ஜெனரேட்டர் வைத்து, வாசலில் ஆள் நிறுத்தி, காதுக்கு ஹெட்போன் கொடுத்து நடத்தும் இடம். வீட்டில் தேர்வு என்றால் இந்த வேலை மொத்தமும் தேர்வு எழுதுபவரின் தலையிலும் அவருடைய குடும்பத்தின் தலையிலும் வந்து விழுகிறது. கட்டணம் மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

டோஃபல் 1964-லிருந்து நடக்கும் பழைய தேர்வு. அதை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் வீட்டிலிருந்து எழுதும் பதிப்பை அறிமுகப்படுத்தியது 2020 மார்ச்சில், கொரோனா மையங்களை மூடியபோது. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட மாதங்கள் அவை. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதிதான் இ-பாஸ் விலகியது. சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ கோவைக்கும் சென்னைக்கும் போய்த் தேர்வெழுதுவது நடக்காத காரியம். அந்த அவசரத்துக்கென்று வந்த வீட்டுத் தேர்வு, அவசரம் தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது.

வீட்டுத் தேர்வைப் பொறுத்தவரை டுவோலிங்கோவின் கதை இன்னும் பழையது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லூயிஸ் ஃபான் ஆன், குவாதமாலாவில் பிறந்தவர். அமெரிக்காவில் படிக்கப் போவதற்காக டோஃபல் எழுத வேண்டியிருந்தது. சொந்த நாட்டில் இடம் கிடைக்கவில்லை. பக்கத்து நாடான எல் சால்வடாருக்குப் போய் எழுதியதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2014-ல் அவருடைய நிறுவனம் கொண்டுவந்த ஆங்கிலத் தேர்வு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே முடிந்துவிடும். டோஃபலும் 2023 ஜூலையில் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியது. வீட்டை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பில் இருக்கும் அம்மாக்களுக்கு அது பெரிய சலுகை.

மேசையைத் துடைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மதிப்பெண்ணை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, வீட்டில் எழுதிய டோஃபலையும் டுவோலிங்கோவையும் ஏற்கின்றன. ஆஸ்திரேலிய விசாவுக்கு வீட்டில் எழுதிய தேர்வு செல்லாது. கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர்களும் மையத்துக்குப் போயே ஆக வேண்டும். பிரிட்டனின் வேலை விசாவுக்கு உள்துறை அங்கீகரித்த மையம் வேண்டும். பட்டப் படிப்புக்கு என்றால் அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்யலாம். திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் நர்சிங் முடித்து வெளிநாடு போக நினைப்பவர்கள், அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் எந்தத் தேர்வை, எங்கே எழுதச் சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது பணத்தை மிச்சப்படுத்தும். அறையைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டுத் தேர்வைக் கேமரா வழியாகத்தான் கண்காணிப்பார்கள். அந்தக் கேமராவுக்கு ஏன் இத்தனை சந்தேகம் என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். 2014 பிப்ரவரியில் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி, லண்டனில் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வு ஒன்று நடந்த விதத்தை ரகசியக் கேமராவில் காட்டியது. உண்மையான தேர்வர்கள் ஒதுங்கி நிற்க, ஆங்கிலம் தெரிந்த வேறு ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள். இன்னொரு தேர்வில் கண்காணிப்பாளரே விடைகளை வாசித்தார். அதன் பின்விளைவாக ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசாக்கள் ரத்தாயின. தப்பே செய்யாதவர்களும் அதில் சிக்கினார்கள் என்ற வாதம் பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. அத்தனையும் நடந்தது மையத்தில்! கண்ணுக்கு முன்னால் நடந்ததே இப்படி என்றால், கண்ணுக்கெட்டாத ஒரு வீட்டை அந்த நிறுவனங்கள் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டோஃபலின் விதிகள் சுருக்கமானவை. அறையில் தேர்வர் மட்டும் இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். அந்தக் கதவு கண்காணிப்பாளருக்குக் கேமராவில் தெரிய வேண்டும். கட்டிலிலோ சோபாவிலோ உட்காரக் கூடாது, சாதாரண நாற்காலி போதும். நீல்கமல் பிளாஸ்டிக் நாற்காலி தாராளமாகச் செல்லும். கம்ப்யூட்டர் மேசைமேல் இருக்க வேண்டும், மேசையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. டீ, தண்ணீர், முறுக்கு எதற்கும் அனுமதியில்லை. ஆட்டையாம்பட்டி முறுக்காகவே இருந்தாலும் தேர்வு முடிந்த பிறகுதான்.

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் சிக்கல் தொடங்குவது கதவில். ஹாலுக்குக் கதவு கிடையாது, இருந்தால் அது தெருக்கதவு. உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை படுக்கையறை. அங்கே பீரோ, கட்டில், மடித்து வைத்த துணி, சில வீடுகளில் அரிசி மூட்டையும் இருக்கும். இதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த அறைதான் சரியான அறை. வெறும் சிமெண்ட் சுவர் உள்ள காலி அறையில் குரல் எதிரொலிக்கும். மெத்தையும் துணியும் அந்த எதிரொலியை உறிஞ்சிவிடும், பேச்சுத் தேர்வில் பதிவு தெளிவாக இருக்கும். கட்டிலில் உட்காரத்தான் தடை, கட்டில் இருக்கத் தடையில்லை. ஒரு மேசையை உள்ளே கொண்டுபோய், தேர்வர் சுவரைப் பார்த்து உட்கார, முதுகுப் பக்கம் கதவு தெரிகிற மாதிரி போட்டால் பாதி வேலை முடிந்தது. புத்தக அலமாரி இருந்தால் ஒரு போர்வையால் மூடிவிடலாம். சுவரில் ஒட்டிய வாய்ப்பாடு, சொற்பட்டியல், பார்முலாத் தாள் எல்லாம் கிழிபட வேண்டும்.

குறிப்பெடுக்கக் காகிதம் கூடாது என்பது பலரைத் திகைக்க வைக்கும் விதி. டோஃபலில் ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் அழிக்கக்கூடிய மார்க்கரும் வைத்துக்கொள்ளலாம். பலகை இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கவரின் மேல் எழுதலாம். தேர்வு முடிந்ததும் கேமராவுக்கு முன் அதை அழித்துக் காட்ட வேண்டும். எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும் சாமான்தான், ஆனால் முதல் நாளே அதில் எழுதிப் பழகாதவர்களுக்கு மார்க்கர் வழுக்கும். டுவோலிங்கோவில் இந்தச் சலுகையும் இல்லை, பேனாவே கூடாது.

டோஃபலுக்குக் கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வேண்டும். அழகு பார்க்க இல்லை. லேப்டாப்பின் திரையில் துண்டுச் சீட்டு ஒட்டவில்லை என்று கண்காணிப்பாளருக்குக் காட்ட, திரைக்கு எதிரே கண்ணாடியைப் பிடிக்கச் சொல்வார்கள். செல்போனையும் இதற்குப் பயன்படுத்தலாம். காட்டி முடித்ததும் அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. மையத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்பதால் பக்கத்துச் சத்தம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டுத் தேர்வில் ஹெட்போனுக்கும் இயர்போனுக்கும் தடை, ஏனென்றால் அதன் வழியே யாராவது விடை சொல்லலாம். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் வரும் அமெரிக்கப் பேராசிரியரின் குரலைத்தான் காதால் பிடிக்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப்புறம் விசைத்தறி ஓடினால்? இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கமெல்லாம் தறிக்கூடமும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த டக்டக் சத்தத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது காதிலேயே விழாது, மைக்குக்கு விழும். பேசிப் பதிவு செய்த விடையைத் திருத்துபவருக்கும் விழும்.

இதற்கு ஒலி புகாத அறை கட்ட முடியாது. முடிந்தது நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. டோஃபல் வீட்டுப் பதிப்புக்கு நடு இரவிலும் விடியற்காலையிலும்கூட இடம் கிடைக்கும். டுவோலிங்கோவை நினைத்த நேரத்தில் எழுதலாம். சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகள் தரும் உண்மையான வசதி இதுதான். தறிக்கு வார விடுமுறை எந்த நாள் என்பது தெருவுக்கே தெரியும், அந்த நாளைப் பிடிக்கலாம். இந்தியாவில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருவிழாவுக்குச் சிறப்பு அனுமதி உண்டு, மற்றபடி சட்டப்படி அமைதியான எட்டு மணி நேரம் நமக்கு இருக்கிறது. விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு எழுதுவதில் இன்னும் சில லாபங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சாத்திய அறையில் பகல் வேளையில் ஃபேனை முழு வேகத்தில் வைக்காமல் உட்கார முடியாது, வைத்தால் மைக்கில் காற்றிரைச்சல். கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான் இடியோடு வரும்; தகரக் கூரையிலோ சிமெண்ட் ஷீட்டிலோ அது கொட்டினால் எதிரில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பராமரிப்பு மின்தடையும் பகலில்தான். விடியற்காலைக்கு இந்த மூன்று தொல்லையும் இல்லை. சேவல் மட்டும் கூவும். நாமக்கல்லில் அதற்குப் புகார் சொல்ல முடியுமா என்ன?

முன்னால் ஒரு வாரம் அதே நேரத்துக்கு எழுந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மாதிரித் தேர்வு எழுதிப் பதிவைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. தூக்கக் கலக்கத்தில் வரும் ஆங்கிலமும் தெரியும், அந்த நேரத்தில் தெருவில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். பால்காரர் ஹாரன் அடிக்கும் நேரம் எந்த இணையதளத்திலும் இருக்காது.

மின்சாரம் போனால் லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். இணையம் வரும் ரூட்டருக்குப் பேட்டரி கிடையாதே! கரண்ட் போன நொடியில் லேப்டாப் விழித்திருக்கும், இணைப்பு செத்திருக்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ரூட்டரின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பல வீடுகளில் ஃபேனும் லைட்டும்தான் அதில் இருக்கும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். விற்கிறார்கள். ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் வைஃபையை நம்பாமல் ரூட்டரிலிருந்து கேபிளை நேராக லேப்டாப்பில் செருகிக்கொள்ளலாம். பதிவிறக்க வேகத்தைப் போலவே பதிவேற்ற வேகமும் முக்கியம், வீடியோ இங்கிருந்துதான் போகிறது. டுவோலிங்கோ கேட்பது அதிகமில்லை; ஆனால் அதே நேரத்தில் ஹாலில் தம்பி யூடியூபில் படம் பார்த்தால் அதுவும் கிடைக்காது.

லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-லிருந்து தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் போட்டுக் கொடுத்தார்கள். இந்தத் தேர்வுகள் விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும், அதுவும் பழைய விண்டோஸில் ஓடாது. அக்கா பிளஸ் டூவில் வாங்கியதைத் தங்கை மேல்படிப்புக்குப் பயன்படுத்த நினைத்தால், பணம் கட்டும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கருவிச் சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் கடைக்காரர்கள் தொலைவிலிருந்து பழுது பார்க்க டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரி மென்பொருட்களைப் போட்டிருப்பார்கள். தேர்வுக்கு முன் அவற்றை நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் வெளியாள் உள்ளே இருப்பதாகச் சந்தேகம் வரும். இதில் வேடிக்கை, கண்காணிப்பு நிறுவனங்களே தேர்வரின் கம்ப்யூட்டருக்குள் தொலைவிலிருந்து நுழைந்து பார்க்கும்.

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். இது வெறும் போட்டோ நுணுக்கம் இல்லை. 2020-ல் அமெரிக்காவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வை ஆன்லைனில் எழுத முயன்ற கறுப்பின மாணவர்கள் சிலர், எவ்வளவு விளக்குப் போட்டும் 'வெளிச்சம் போதவில்லை' என்ற பதிலே மென்பொருளிடமிருந்து வருவதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க செனட்டர்கள் சிலர் கண்காணிப்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு எழுதிய கடிதத்தில் நிற பேதம் பற்றியும் கேட்டிருந்தார்கள். நம் ஊர் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஒரு டியூப்லைட்டோடு, எதிரே ஒரு எல்.இ.டி. டேபிள் விளக்கும் இருப்பது பாதுகாப்பு. மழை பெய்த மறுநாள் இரவென்றால் ஜன்னலை மூடிவிடுங்கள். விளக்குக்கு ஈசல் வரும்.

காது தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி. காதில் ஒலிக்கருவி இல்லை என்று தெரியத்தான். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நிறுத்திவிடுவார்கள். இழுத்துப் பின்னிக்கொள்வது நல்லது. ஜிமிக்கி, பெரிய கிளிப், ஹேர்பேண்ட் வேண்டாம். மத வழக்கப்படி தலையை மூடுகிறவர்களுக்குத் தடையில்லை, காது மட்டும் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் சரி செய்துவிடலாம். சொந்தக்காரர்களை என்ன செய்வது? அம்மாயி காபி டம்ளரோடு கதவைத் தள்ளி, "கண்ணு, ஆறிப்போகுது, குடிச்சிட்டு எழுது" என்று வந்து நிற்பது பாசம். கேமராவின் கணக்கில் அது அறைக்குள் இரண்டாவது ஆள். தேர்வே ரத்தாகலாம், கட்டணமும் திரும்பாது. டோஃபலில் நேரலையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதால் குறையை அப்போதே சொல்ல வாய்ப்பாவது உண்டு. டுவோலிங்கோவில் யாரும் பார்ப்பதில்லை. எல்லாம் பதிவாகி, பிறகுதான் மென்பொருளும் மனிதர்களும் அலசுவார்கள். தவறு நடந்தது தேர்வருக்குத் தெரியவருவது இரண்டு நாள் கழித்து முடிவு வரும்போதுதான். கதவைத் தட்டாமல் நுழைவது மரியாதைக் குறைவாகப் படாத ஊர்களில், தாழ்ப்பாள் போடுவதோடு வாசல் திண்ணையில் ஒருவரை உட்கார வைப்பதே சிறந்த ஏற்பாடு. அப்புச்சி இருந்தால் அவரைவிடப் பொருத்தமான காவல் இல்லை. சிலிண்டர்காரர், ரீடிங் எடுக்க வருபவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர் எல்லாரையும் அங்கேயே பேசி அனுப்பிவிடுவார். அவருடைய குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளச் சொன்னால் போதும்.

பழக்கம் என்று பார்த்தால் இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. 2017-ல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தும் வரை, பொதுத் தேர்வு முடிவு வந்தாலே ராசிபுரம், நாமக்கல் பள்ளிகளின் பெயர்கள் முதல் பக்கத்தில் வரும். விடுதி ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்து மனப்பாடம் செய்து வளர்ந்த பழக்கம் அது. வீட்டுத் தேர்வில் உதடு அசைந்தாலே கேள்வியை வெளியே யாருக்கோ படித்துக் காட்டுவதாகச் சந்தேகம் எழும். யோசிக்கும்போது மோட்டுவளையைப் பார்க்கிறவர்களுக்கும் இதே கதி. வாயை மூடி, திரையை மட்டும் பார்த்து இரண்டு மணி நேரம் இருப்பது ஆங்கிலத்தோடு சேர்த்துப் பழக வேண்டிய இன்னொரு பாடம்.

கண்காணிப்பாளர் கேட்டார் என்பதற்காக, முன்பின் தெரியாத அவருக்குத் தன் படுக்கையறையைக் கேமராவில் நான்கு பக்கமும் சுற்றிக் காட்டுவது, அதுவும் ஒரு பெண்ணுக்கு, எளிதான காரியமா? அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி நீதிமன்றம் போனது. ஒஹையோவில் உள்ள கிளீவ்லாண்ட் அரசுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் அறையைக் கேமராவில் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் இப்படிச் செய்வது அரசியல் சட்டம் தடுக்கும் அத்துமீறிய சோதனைதான் என்று கூட்டாட்சி நீதிபதி 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். தனியார் நடத்தும் டோஃபலுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. விருப்பமில்லாதவர்களுக்கு மையம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும் குடும்பத்தில், மற்ற நால்வரை விடியற்காலையில் தெருவில் நிறுத்திவிட்டு எழுதுவதைவிட, பஸ் ஏறிப் போய் எழுதுவது எல்லாருக்கும் நிம்மதி. நெட் சென்டர், ஹோட்டல், பூங்கா போன்ற பொது இடங்கள் கூடவே கூடாது. தெரிந்தவர் வீட்டு மாடி அறை கிடைத்தால் அது ஒரு வழி.

எந்த மாதத்தில் எழுதலாம்? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு விண்ணப்பக் கெடு டிசம்பர், ஜனவரியில் வருவதால் மார்கழி வரை இழுத்துவிடுகிறார்கள். விடியற்காலை அமைதி, தெருமுனைக் கோயில் பாட்டோடு முடிந்துபோகும் மாதம் அது. ஆடியில் சேலத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா, ஊருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகை. ஆவணியில் கல்யாண மண்டபங்கள் ஓயாது. புரட்டாசியில் பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பதில்லை, வெயிலும் தணிந்திருக்கும், மதிப்பெண் குறைந்தால் இன்னொரு முறை எழுதவும் கால அவகாசம் மிஞ்சும். அந்த மாதத்தை ஒட்டி வரும் ஆயுத பூஜையன்று தறி, லாரிப் பட்டறை, போர்வெல் ரிக் எல்லாம் நின்று ஊரே அமைதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு அன்றைக்கு மட்டும் இடம் போட்டுவிடக் கூடாது. பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு தெருவே வீட்டுக்குள் வந்துவிடும், லேப்டாப்புக்குப் பொட்டு வைக்க.